இரும்பாண்டிக்கு வழிவிட்டவர்

பால்துரை அண்ணாச்சியைப் பற்றி இப்போது ஒரு கதை உலவுகிறது. சாமிக்கு மகனைக் கொடுத்த மனுஷன் என்கிறார்கள். ஆறுமுகநேரிப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். எப்படிப் போனது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன், தூத்துக்குடியில் அவர் கடைக்கு அடுத்த கடையில் செல்போன் பழுதுபார்க்கிற நான், நேசக்குமார்.

அண்ணாச்சி என்பது ஊருக்கு. எனக்கு அவர் மாமா. அவர் மகன் ஜெயகணேஷும் நானும் ஒரே தெருவில், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே டிவி முன்னால் வளர்ந்தவர்கள். அவர்கள் சுடலைமாடனைக் கும்பிடுகிற வீடு, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடு. அவர்கள் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுக் கேக் அவர்கள் வீட்டுக்குப் போகும். அதற்கு மேல் எந்த வித்தியாசமும் எங்களுக்குத் தெரிந்ததில்லை.

மாமா பலசரக்குக் கடைக்காரர். பேச்சு மிகவும் குறைவு. "சீனி இருக்கா அண்ணாச்சி" என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்ல மாட்டார், எடைபோடத் தொடங்கிவிடுவார். கோபம் வந்தாலும் அப்படித்தான். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஓர் உதறு உதறி மறுபடி தோளில் போட்டுக்கொள்வார். ஜெயகணேஷ் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட அன்று துண்டு கிழியாத குறை.

அப்படிப்பட்டவர் மகனுக்கு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போன இடத்தில், கோயில் கடைகளுக்கு நடுவே, சந்தனம் பூசிய தலையோடு அவன் மணலில் விழுந்து புரண்டிருக்கிறான். போகிற வருகிறவர்கள் எல்லாம் மாமாவைக் கொடுமைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்கள். மானம் போகிறதே என்று வாங்கிவிட்டார்.

சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட்டு, ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் இருந்தது எந்த நாட்டு எழுத்து என்று எங்கள் அறிவியல் சாருக்கே தெரியவில்லை. ஆனால் ஆட்டம் எங்களுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. கடலோரத்தில் ஒரு பட்டணம். கடலுக்குள்ளிருந்து ராட்சத மிருகங்கள் கரையேறி வரும். வீட்டை விடப் பெரிய நண்டு, இறக்கை முளைத்த திருக்கை, இப்படி. அவற்றை அடித்து விரட்டுவதற்காகப் பட்டணத்துக்காரர்கள் துறைமுகத்தில் ஒரு பெரிய இரும்பு ரோபோவைச் செய்து நிறுத்தியிருப்பார்கள். அதற்கு இரும்பாண்டி என்று பெயர் வைத்தவன் ஜெயகணேஷ்.

இரும்பாண்டி கொஞ்ச நேரம் சொன்ன பேச்சைக் கேட்பான். சண்டை போடப் போட அவன் சக்தி ஏறிக்கொண்டே வரும். முழுதாக ஏறியதும் நெஞ்சில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதற்கப்புறம் எந்தப் பட்டனை அமுக்கினாலும் கேட்க மாட்டான். மிருகங்களை விட்டுவிட்டு, தன்னைச் செய்த பட்டணத்தைப் பார்த்துத் திரும்புவான். இரண்டு கைகளையும் முழங்கையோடு மடக்கித் தூக்கிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கித் தொம்மென்று வைப்பான். ஒரு கணம் நிற்பான். அப்புறம் அடுத்த கால். அந்த மிதிக்கு ஏற்றபடி இசையும் கூடிக்கொண்டே போகும். குறுக்கே எது இருந்தாலும் வளைய மாட்டான், நேராக நடந்து எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டு, பட்டணத்தின் மறுபக்கக் கடலில் இறங்கி மூழ்கிப் போவான். ஆட்டம் காலி.

அதனால் தெருப் பையன்கள் ஒருவனும் அவனை எடுக்க மாட்டான், எல்லோருக்கும் ஏதாவது ஒரு மிருகம்தான் வேண்டும். ஜெயகணேஷ் மட்டும் அவனைத்தான் எடுப்பான். மற்றவர்களோடு ஆடினால் தோற்பான். எதிரே நண்டை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தால் தோற்க மாட்டான். இரும்பாண்டியை நிறுத்துகிற வழியை நாங்கள் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

வழி இதுதான். அடித்தால் அவனுக்கு வெறி கூடும். ஓடினால் அவன் பாட்டுக்குப் போய்விடுவான். சிவப்பு விளக்கு எரிந்ததும் அவனுக்கு நேர் எதிரே வந்து, எந்தப் பட்டனையும் தொடாமல், சும்மா நிற்க வேண்டும். உன் எதிரே வந்ததும் இரண்டு கைகளையும் ஓங்கிக்கொண்டு ஒரு கணம் நிற்பான். விலகு விலகு என்று கை துடிக்கும். விலகினால் தீர்ந்தது, நேரே கடலுக்குத்தான் போவான். விலகாமல் நின்றால் அடிப்பான். அடி வாங்க வேண்டும். நண்டின் உயிர் குறைந்து குறைந்து, இதோ போய்விட்டது என்கிற நேரத்தில் அந்த விளக்கு அணையும். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி நிற்பான். அப்புறம் எந்தப் பட்டனை அமுக்கினாலும் கேட்பான்.

மாமாவுக்கு அந்த ஆட்டத்தைக் கண்டாலே ஆகாது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் கேசட்டை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். நாங்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் மறந்துவிட்டோம்.

ஜெயகணேஷ் டிப்ளமோ முடித்துத் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர் ஆனான். முதல் நாள் வேலை முடிந்து நேரே என் கடைக்குத்தான் வந்தான். "ஏலே நேசம், மேல ஏறி உக்காந்தா மொத்த ஊரும் தெரியுதுலே. கண்டெய்னரத் தூக்குன்னா தூக்குதான், வையின்னா வைக்கான். இவன் சொன்ன பேச்சு கேக்குத இரும்பாண்டி" என்றான். பக்கத்துக் கடையில் மாமா எடை போட்டபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பருப்பு கொஞ்சம் தாராளமாக விழுந்தது. பெண் பார்த்தார்கள். நிச்சயதார்த்தமும் முடிந்தது.

துறைமுகச் சாலையில் அவன் பைக்கில் வருகிறபோது ஒரு நாய் குறுக்கே ஓடியது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தலையில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவனுக்குக் கை கால் நன்றாக இருந்தது. எழுந்து நடந்தான். ஊட்டினால் சாப்பிட்டான். ஆனால் அவன் கண்ணுக்குள் யாரும் இல்லை. பெற்ற தாயைத் தெரியவில்லை. தொட்டால் சில நேரம் பேசாமல் இருப்பான், சில நேரம் ஓங்கி அடித்துவிடுவான். முருகேஸ்வரி அத்தை, அதாவது அவன் அம்மா, கன்னத்தில் வீக்கத்தோடு கடைக்கு வருவார். யாராவது கேட்டால் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்வார். பெண் வீட்டார் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா கடையைத் திறப்பார், மூடுவார். நடுவில் என்ன செய்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. உப்பு கேட்டவருக்கு ரவையைக் கட்டிக் கொடுத்தார். ஒருநாள் என் கடைக்கு வந்து மேசையில் எதையோ வைத்தார். மஞ்சள் கேசட். புளி டின்னுக்கு அடியில் அத்தனை வருஷம் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்.

"இது ஓடுமா நேசம்?"

"எதுக்கு மாமா?"

"சும்மா இருக்கும்போதும் அவன் பெருவெரலு ரெண்டும் அசையுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இத அமுக்குத மாதிரிதான் அசையுது."

பெட்டி பரணில் கிடந்தது. கேசட்டின் பின்கள் எல்லாம் பச்சை பிடித்திருந்தன. தூத்துக்குடிக் காற்றில் எந்த இரும்புதான் தப்புகிறது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன், வயர் மாற்றினேன், பழைய டிவி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். புளி வாசம் மட்டும் போகவில்லை. ஆட்டத்தின் இசை தொடங்கியதுமே ஜெயகணேஷ் தலையைத் திருப்பினான். விபத்துக்குப் பிறகு அவன் ஒரு சத்தத்தைக் கேட்டுத் திரும்பியது அதுதான் முதல் தடவை. ரிமோட்டைக் கையில் வைத்தேன். விரல்கள் தானாகப் போய் இரும்பாண்டியை எடுத்தன.

அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

இரண்டாவது ரிமோட்டை நான் எடுக்கப் போனேன். மாமா கையை நீட்டினார். "எனக்குச் சொல்லிக் குடு" என்றார்.

சொல்லிக்கொடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் பொட்டலம் கட்டிய கை அது. ஒரு பட்டனை அமுக்கச் சொன்னால் மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கும். நண்டு சண்டைக்குப் போவதற்குப் பதில் திரும்பிக் கடலுக்குள் போகும். "இந்தச் சனியன் எங்க போவுது" என்பார். ஆனால் இரும்பாண்டியை நிறுத்துகிற வழியைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்போ ஒண்ணும் செய்யாண்டாம். முன்னால நிக்கணும். அடிச்சா வாங்கிக்கிடணும். அம்புட்டுதானே?"

"அம்புட்டுதான் மாமா. ஒதுங்கிரக் கூடாது."

"அது எனக்கு வரும்" என்றார்.

கடையை மதியம் மூடிவிட்டு வந்து தினமும் தரையில் உட்கார்ந்துவிடுவார். மகன் ஆடுவான், இவர் அடி வாங்குவார். ஆரம்பத்தில் அந்த ஓங்கிய கையைப் பார்த்ததும் பயந்து விலகிவிடுவார், இரும்பாண்டி கடலுக்குள் போய்விடுவான். ஜெயகணேஷ் ரிமோட்டைச் சுவரில் விட்டெறிவான். சில நாள் மாமா மேலேயே எறிவான். நெற்றியில் பிளாஸ்திரியோடு அவர் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், நேற்று விலகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். விளக்கு எரிந்தது. இரும்பாண்டி திரும்பி வந்தான், கையை ஓங்கினான், நின்றான். மாமா ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டார். அடி விழுந்தது. நண்டின் உயிர் ஒரு மயிரிழைதான் மிச்சம். விளக்கு அணைந்தது. இரும்பாண்டி கையைத் தொங்கப் போட்டான்.

ஜெயகணேஷ் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தான். அவன் கண்ணுக்குள் ஜெயகணேஷ் இருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இருந்தான்.

"எப்பா, அடிக்காம ஏன் நிக்க?" என்றான்.

"நீ என் மவன்லாலே. ஒன்னைய எப்பிடி அடிக்க" என்றார். அதற்குள் அவன் கண் மறுபடி காலியாகிவிட்டது. ஆனால் வந்துவிட்டதே. உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டதே. அன்றைக்கு மாமா தெருவில் நின்று வாய்விட்டு அழுததைப் பார்த்தவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்து விசாரிக்க வந்தார்கள்.

அதற்குப் பிறகும் அப்படி வந்தான். எப்போதாவது, சில வார்த்தைகள். "எப்பா." "பசிக்கி." ஒருமுறை, "நேசம் எங்க?" டாக்டர் நம்பிக்கை கொடுத்தார், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும் என்றார். மாமா காத்திருக்கத் தயாராக இருந்தார். அத்தைக்குத்தான் பொறுமை இல்லை. பொறுமை எப்படி இருக்கும். "சித்திரைக் கொடைக்குக் கூட்டிட்டுப் போவோம். மாடன் காலடியில உக்கார வச்சிட்டு வருவோம். ரெண்டு வருஷமா நாம போவல, அதான் பாக்கான்" என்றார்.

கொடை என்றால் கோயில் திருவிழா. அவர்கள் குலதெய்வக் கோயில் ஆறுமுகநேரி தாண்டி, உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. மாமாவின் சித்தப்பாதான் அங்கே சாமியாடியாக இருந்தார். சாமி அவர் மேல் இறங்கும், குறி சொல்லும், பிறகு வேட்டைக்குப் போகும். வேட்டை என்றால் சாமி தனியாகச் சுடுகாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவது. போகிற சாமிக்கு யாரும் எதிரே நிற்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சித்தப்பா இறந்த பிறகு சாமி யார் மேலும் இறங்கவில்லை. அவர் கட்டிய சல்லடம் என்கிற குட்டைக் காற்சட்டையும் குல்லாயும் ஒவ்வொரு கொடையிலும் பெட்டியிலிருந்து எடுத்துச் சாமி முன்னால் வைக்கப்படும், அப்படியே பெட்டிக்குள் திரும்பப் போகும். சாமியாடி இல்லாத கோயில் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

நான் போகவில்லை. எங்கள் வீட்டில் கொடைக்குப் போகிற வழக்கம் இல்லை. அங்கே நடந்ததை மாமா எனக்குச் சொன்னார். வாழ்க்கையில் அவர் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அந்த ஒருமுறைதான்.

உச்சி வெயில். மதியக் கொடை. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெயகணேஷ் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் மாமா. நையாண்டி மேளம் மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. தவிலும் பம்பையும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. ஜெயகணேஷ் எழுந்தான். இரண்டு கைகளையும் முழங்கையோடு மடக்கித் தூக்கினான். ஒரு காலைத் தூக்கித் தொம்மென்று வைத்தான். ஒரு கணம் நின்றான். அப்புறம் அடுத்த கால்.

கூட்டம் ஒரே மூச்சில் எழுந்தது. "வந்துட்டுலே. பால்துரை குடும்பத்துக்கே வந்துட்டு" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை மண்ணில் விழுந்து கும்பிட்டார். கோயில் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிற பிச்சையா ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்து, சல்லடத்தை அவன் இடுப்பிலும் குல்லாயைத் தலையிலும் கட்டிவிட்டார். தொட்டால் சட்டென்று அடித்துவிடக்கூடியவன், கட்டுகிறவரை அடிக்கவில்லை. அதையும் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

"எனக்குப் பாத்தவொடனே தெரிஞ்சிட்டு, நேசம்" என்றார் மாமா. "அது சாமி இல்ல. இரும்பாண்டி. வெளக்கு எரிஞ்சிட்டு."

"சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"யார்ட்ட சொல்ல? என்னன்னு சொல்ல?" என்றார். "அது மட்டும் இல்ல. சாமியா இருந்துட்டா நல்லாருக்குமேன்னு எனக்கே தோணிட்டு. சாமி எறங்குனா மலையேறும்லா. மலையேறிட்டா ஆளு தெளிஞ்சிருவான். எங்க சித்தப்பா அப்பிடித்தான். அம்புட்டு ஆட்டம் ஆடுவாரு, சாமி போனதும் கண்ண முழிச்சு, தண்ணி குடுங்கடேம்பாரு. இவனும் அப்பிடி முழிச்சிருவாம்னு நெனச்சேன். ஒரேயடியா தெளிஞ்சிருவாம்னு நெனச்சேன்."

இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் இருந்த கோபம்கூட அந்த இடத்தில் வடிந்துபோனது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஜெயகணேஷ் பந்தலை விட்டு வெளியே நடந்தான். பிச்சையா இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தைப் பிளந்தார். "வேட்டைக்குக் கெளம்பிட்டு. ஒருத்தனும் குறுக்க நிக்காதீங்க."

"வேட்டை ராத்திரில்லா போவும்?" என்று ஒருவர் இழுத்தார்.

"இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்கு. சாமிக்குக் கடிகாரம் பாக்கச் சொல்லுதியா?" என்றார் பிச்சையா.

மாமா பந்தலுக்கு வெளியே வழியில் நின்றிருந்தார். மகன் நேராக அவரிடம் வந்தான். எதிரே வந்ததும் இரண்டு கைகளையும் ஓங்கினான். நின்றான். அவருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். நெற்றியில் வேர்வை ஓடுவதுகூடத் தெரிந்ததாம்.

"ஒதுங்கு பால்துரை. சாமிக்கு வழிவிடு" என்று பின்னாலிருந்து பிச்சையா கத்தினார்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டினார். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே ஒதுங்கினார்.

அவன் போய்விட்டான். உப்பளத்துக்குள் இறங்கினான். வரப்பில் நடக்கவில்லை, பாத்திகளுக்கு நடுவே நேராக நடந்தான். குறுக்கே இருந்த உப்புக் குவியல்களை மிதித்து ஏறி இறங்கினான். அதுவரைதான் மாமா பார்த்தார். பிறகு எல்லோரையும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரும் அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர்கள் சாமி திரும்புகிறவரை நிறுத்தக் கூடாது என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். வரும் வரும் என்று பார்த்தார்கள். மேளக்காரர்களின் கை ஓயத் தொடங்கியது. பிச்சையாவே வெயிலைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். மாமா இடுப்புத் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடினார். அப்போதும் யாரோ கையைப் பிடித்து இழுத்தார்களாம்.

பாத்திகளுக்குப் பாய்ச்சக் கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பெரிய குளம் ஒன்று அந்த உப்பளத்தின் கோடியில் இருக்கிறது. கீழே ஆளை விழுங்குகிற சகதி. மிதிபட்ட உப்பு அதன் கரை வரைக்கும் வழிகாட்டியது. குல்லாய் மட்டும் மிதந்தது.

இதைத்தான் சாமிக்கு மகனைக் கொடுத்தார் என்கிறார்கள்.

ஊர் கூடிப் பேசியது. மாடன் தனக்குப் பிடித்த பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டான், இவன் இனிமேல் மாடனுக்குத் துணை என்று முடிவு செய்தார்கள். கோயில் எல்லைக்குள்ளேயே ஜெயகணேஷுக்கு ஒரு பீடம் கட்டி மஞ்சள் பூசினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்போது யாரும் சாமியாடி இல்லாத கோயில் என்று கேலி பேசுவதில்லை.

அத்தை அதை அப்படியே நம்புகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய், பீடத்துக்கு எண்ணெய் விட்டு, அவனுக்குப் பிடித்த சுழியனை வைத்துவிட்டு வருகிறார். "அங்கன போனா எம்பிள்ளை எங்கூட பேசுத மாதிரியே இருக்கு, நேசம்" என்கிறார். நம்பட்டும். அந்த நம்பிக்கையைப் பிடுங்க நான் யார். மாமாவும் அவரிடம் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. ஆனால் அவர் பீடத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

"அவளுக்குச் சாமி இருக்கு" என்றார் என்னிடம். "எனக்கு அது இல்லாமப் போச்சு. நான்தான் பாத்தேனே. மறிச்சு நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பான்? அடிச்சிருப்பான். நாலு அடி. வாங்குனா என்ன? வாங்காத அடியா? அடிச்சிட்டு, எப்பான்னு சொல்லிருப்பான்."

இந்த வருஷக் கொடைக்கு அழைக்கப் பிச்சையா வெற்றிலை பாக்குத் தட்டோடு கடைக்கு வந்தார். மகன் பீடத்துக்கு முதல் மாலை அப்பாதான் போட வேண்டும் என்று ஊர் விரும்புகிறதாம். எனக்கு எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருந்தது. மாமா தட்டை வாங்கவில்லை. துண்டை எடுத்து உதறக்கூட இல்லை. வாசலில் நின்ற ஒரு அம்மாவுக்குக் கடுகு எடை போட்டுக்கொண்டே இருந்தார். பிச்சையா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தட்டைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கொடை அன்று அத்தை மட்டும் போனார். மதியம் மாமா கடையை மூடிவிட்டு என் கடை வாசலில் வந்து நின்றார்.

"வேலையா இருக்கியா?"

"இல்ல மாமா."

"வீடு வரைக்கும் வா."

அதே பழைய டிவி. அதே பாய். ஜெயகணேஷ் உட்காருகிற இடத்தைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். இசை தொடங்கியது. முதல் ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

"நீ இரும்பாண்டிய எடு" என்றார். "என்னைய அடி."

மறுத்திருக்கலாம். இதெல்லாம் என்ன மாமா, வாங்க வெளியே போய் ஒரு டீ குடிப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதையெல்லாம் சொல்ல முடியவில்லை. எடுத்தேன். என் வாழ்நாளில் நான் இரும்பாண்டியை எடுத்தது அதுதான் முதல் தடவை. சக்தி ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ரிமோட்டு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. கையில் வெறும் பிளாஸ்டிக் துண்டாக அதை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்டு வந்து குறுக்கே நின்றது. இரும்பாண்டி கையை ஓங்கினான். மாமா ரிமோட்டைத் தரையில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் குலுங்கியது. நண்டின் உயிர் குறைந்துகொண்டே வந்து, மயிரிழை மிச்சம் இருக்கும்போது விளக்கு அணைந்தது. இரும்பாண்டி கையைத் தொங்கப் போட்டான்.

மாமா மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது என்னுடைய வார்த்தை இல்லை. சொன்னால் அவர் தாங்க மாட்டார், சொல்லாவிட்டாலும் தாங்க மாட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தரையில் கிடந்த ரிமோட்டை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"இன்னொருக்க போடு" என்றார்.

போட்டேன்.